கோயிலுக்கு வலப்புறம் பாவி

என் கிணற்றை மூடிய அதிகாரி நல்ல மனுஷர் என்று ஓசூர்ப் பக்கத்து மத்திகிரியில் இன்னும் சிலபேர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்கள் வீட்டுக் கிணற்றை யாரும் மூடவில்லை, சொல்லத்தான் சொல்வார்கள். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். என் பேர் ஆஞ்சப்பன். வண்டிச் சக்கரத்துக்கும் கெலமங்கலம் பஸ்ஸுக்கும் பெயிண்ட் அடிக்கிறவன். கொஞ்சம் நிலமும் அதில் ஒரு கிணறும் உண்டு.

மாநிலங்களைப் பிரித்து முடித்த மறுவருஷம். ஓசூர் மைசூருக்குப் போகாமல் மதராஸிலேயே நின்றுவிட்டது என்று உறுதியானதும் மதராஸ்காரர்களுக்கு எங்கள் ஊரின்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. அந்தப் பாசத்தில் வந்து இறங்கியதுதான் ‘கலைப்பிரதி உற்பத்தி வாரியம்’.

வாரியத்திடம் ஒரு படம் இருந்தது. நாட்டைவிட்டுப் போன ஏதோ ஒரு துரை பங்களாவில் போட்டுவிட்டுப் போனது. வெள்ளைக்கார ஓவியர் ஒருவர் மீசை முளைக்கிற வயதில் வரைந்ததாம். எண்ணூறு வருஷத்துப் பழைய மாதாகோயில் ஒன்று, அதற்கு ஒரு கோபுரம், முன்னால் புல்வெளி, புல்வெளியில் மூன்று சிவப்பு மாடுகள், மேலே மழை பெய்யலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வானம். அவ்வளவுதான். இதைக் கையால் நூறு பிரதி வரைந்து ஆபீஸ் ஆபீஸாக மாட்டினால் ஜனங்களுக்கு அழகுணர்ச்சி வளரும், அழகுணர்ச்சி வளர்ந்தால் விளைச்சல் வளரும் என்று திட்டத்தில் போட்டிருந்தார்கள். ஓசூர்க் குளிர் சீமைக் குளிர் மாதிரி இருக்குமாம், அதனால் நிலையம் இங்கே. என் நிலத்துக்கு மேற்கே இருந்த மேட்டில் கட்டிடம் எழும்பியது. அதன் ஜன்னலைத் திறந்தால் என் தோட்டம்.

தனி அதிகாரியாக வந்தவர் அச்சுதராமன். வெள்ளை முழுக்கால் சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடி. அப்போதுதான் சர்க்கார் கடிதமெல்லாம் தமிழுக்கு மாறிக்கொண்டிருந்தது. அவருக்கு வந்த உத்தரவில் ‘பழங்கோயில் நிலக்காட்சியைக் கையால் பிரதி செய்க’ என்று இருந்தது. அவர் அதை ஒரு வாரம் படித்தார். பிறகு எங்களையெல்லாம் கூட்டி வைத்துப் பேசினார்.

“காட்சியைப் பிரதி செய்யச் சொன்னது தெளிவு. ஆனால் ‘நில’ என்ற சொல்லை அரசு காரணமில்லாமல் போடாது. ஆகவே நிலத்தையும் பிரதி செய்தாக வேண்டும். ஜன்னலுக்கு வெளியே தெரியும் நிலம் படத்தைப் போலவே இருக்கும். படத்தில் இல்லாதது நிலத்தில் இருக்கக்கூடாது.”

படத்தில் கொத்தமல்லி இல்லை. என் தோட்டத்தில் இருந்தது; பிடுங்கினார்கள். படத்தில் பீன்ஸ் பந்தல் இல்லை, சாய்த்தார்கள். படத்தில் கிணறு இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் பேச்சு கன்னடம். கிணற்றுக்கு எங்கள் வாயில் பாவி என்றுதான் வரும். தெலுங்குக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஓசூர்ப் பக்கம் ‘பாவி எங்கே’ என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கையை நீட்டிக் காட்டுவார்கள். அந்தப் பாவியை என் அப்பனும் நானும் பாறையை உடைத்து வெட்டினோம். சுற்றுவட்டாரத்தில் சித்திரை மாதத்திலும் வற்றாத தண்ணீர் அதில்தான்.

கல் பலகையும் மண்ணுமாக ஆட்கள் வந்ததைப் பார்த்ததும் ஓடிப்போய் அச்சுதராமன் காலில் விழுந்தேன்.

“சார், பாவி சார். பாவி சார் அது. மூடாதீங்க சார்.”

அவர் பின்னுக்கு நகர்ந்தார். குமாஸ்தா எல்லப்பனைப் பார்த்தார்.

“என்னைப் பாவி என்கிறானா?”

எல்லப்பனுக்குக் கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அவன் தரையைப் பார்த்தபடி நின்றான். பிற்பாடு நான் சட்டையைப் பிடித்துக் கேட்டபோது, “அவுரு உன்னைப் பத்திக் கேட்டாரு. கெணத்தைப் பத்திக் கேட்டாரா? கேக்காததுக்கு பதில் சொன்னா மெமோ குடுப்பாங்கய்யா” என்றான்.

கிணற்றை மூடினார்கள். மேலே மண் கொட்டிப் புல் நட்டார்கள். அரசு ஊழியரைப் பாவி என்று வைதவனை வெளியே விடுவது ஆபத்து, கண்முன்னால் வைத்திருக்க வேண்டும் என்று முடிவாகி, எனக்கு நிலையத்திலேயே பிரதியாளர் உத்தியோகம் கொடுத்தார்கள்.

என் மனைவி கெம்பம்மா அன்றிலிருந்து ஏரிக்கு நடந்தாள். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். நான் உத்தியோகத்துக்குக் கிளம்பும்போது வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“நம்ம பாவி மேல மண்ணு போட்டவனுக்கு பொம்மை போட்டுக் குடுக்கப் போறீங்களா?”

“போறேன்.”

“என்னாத்துக்கு?”

“உள்ள இருந்தாத்தான் அவனுக்கு மண்ணு போட முடியும்.”

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு வழியை விட்டாள். எப்படி என்று எனக்கும் அப்போது தெரியாது. வயிறு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

முதல் நாள் அச்சுதராமன் படத்தின் பிரதியை என் முன்னால் நிறுத்தினார்.

“என்ன தெரிகிறது?”

“குடி சார்” என்றேன். எங்கள் பேச்சில் குடி என்றால் கோயில், தெலுங்கிலும் அதுவே.

அவர் என் வாயருகே வந்து மோந்து பார்த்தார். “மதுவிலக்கு அமலில் உள்ள மாநிலம் இது” என்றார். எல்லப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூலப்படத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அது பட்டுத்துணி சுற்றி அச்சுதராமன் அறையின் இரும்பு பீரோவுக்குள் இருந்தது. பார்த்தால் தேய்ந்துவிடும் என்பது அவருடைய கருத்து. மதராஸிலிருந்து ஒரு நிபுணர் வந்து முதல் பிரதியை வரைந்துவிட்டுக் குளிர் தாங்காமல் ஓடிப்போனார். முதல் பிரதியைப் பார்த்து இரண்டாவது, இரண்டாவதைப் பார்த்து மூன்றாவது என்று வரைய வேண்டும். நான் ஒன்று, சென்னகிருஷ்ணன் என்கிற இன்னொருவன் ஒன்று, மாற்றி மாற்றி. அச்சுதராமன் பூதக்கண்ணாடியை வைத்துப் புதுப் பிரதியை முந்தைய பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்து முத்திரை குத்துவார். முத்திரை விழுந்த பிரதிதான் அதற்குப் பிறகு சத்தியம். பழையதை அன்றைக்கே சாக்கில் கட்டி ஏதாவது ஓர் ஆபீஸுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சென்னகிருஷ்ணன் பரம விசுவாசி. ஒருநாள் என் பிரதியில் ஈரம் காயுமுன் ஒரு ஈ வந்து வானத்தில் ஒட்டிக்கொண்டது. முத்திரையும் விழுந்துவிட்டது. சென்னகிருஷ்ணன் தன் பிரதியில் அந்த ஈயைச் சிறகு முதற்கொண்டு வரைந்தான். அடுத்ததில் நான் ஈயை விட்டுவிட்டேன். அச்சுதராமன் கூப்பிட்டு விசாரித்தார்.

“பறவை எங்கே?”

“அது ஈ சார்.”

“முத்திரையிட்ட பறவையை ஈ என்று சொல்ல உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?”

ஈயை வரைந்தேன். வரைந்துகொண்டிருக்கும்போதே என் வயிற்றெரிச்சலுக்கு வழி கிடைத்துவிட்டது.

இதற்குள் வெளியே நிலமும் படமாகிக்கொண்டிருந்தது. எங்கள் பசுக்கள் வெள்ளை. படத்தில் சிவப்பு. அதனால் கெம்பம்மாவின் பசுவுக்கு வாராவாரம் செங்காவி பூசினார்கள். கன்றுக்குட்டி தாயைப் பார்த்து மிரண்டு ஓடியது. சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் இறங்கிப் புல்வெளியில் நடந்தபோது, ‘படத்தில் இல்லாத விலங்குகள் உட்பிரவேசிக்கக்கூடாது’ என்று பலகை எழுதிக் காட்டோரம் நடச் சொன்னார். நான்தான் எழுதினேன். மறுநாள் அந்தப் பலகையைப் பிடுங்கிப் போட்டிருந்தன. அந்த நிலையத்தில் நான் மதித்த ஒரே கூட்டம் அதுதான்.

நிலத்தில் எல்லாம் இருந்தது, கோயில் மட்டும் இல்லை. அதற்கும் அச்சுதராமன் வழி கண்டார். என் பீன்ஸ் பந்தல் இருந்த இடத்தில் ஒரு பங்களா கட்டினார். படத்தில் உள்ள அதே கோபுரம், அதே ஓட்டுக்கூரை. ‘கோயில் பிரதி’ என்று பலகை மாட்டினார். பிறகு அதில் குடிபோனார். சாமி இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய கட்டில். கோபுரத்துக்கு அடியில் குளியலறை. அவர் குளிக்கிற தண்ணீரை ஏரியிலிருந்து ஆட்கள் சுமந்து வருவார்கள். கெம்பம்மா அதே பாதையில் எதிரே வருவாள். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு நிலையத்துக்குள் போவேன். கை தானாக வேலை செய்யும்.

முதலில் நான் செய்தது இரண்டே காரியம். ஒன்று, என் முறை வரும்போதெல்லாம் கோயில் கூரையிலிருந்து ஓரிரண்டு ஓடுகளை எடுத்துவிடுவேன். கோபுரத்தில் ஒரு கல்லைக் குறைப்பேன். பூதக்கண்ணாடிக்குத் தெரியாத அளவுதான். இரண்டு, கோயிலுக்கு வலப்புறம், புல்லில், ஒரு கறுப்புப் புள்ளி வைத்தேன். என் கிணறு இருந்த இடம். சென்னகிருஷ்ணன் இரண்டையும் அப்படியே பிரதி செய்தான். என் அடுத்த முறையில் புள்ளி கொஞ்சம் பெருத்தது. பிறகு வட்டமானது. பிறகு வட்டத்துக்குச் சுற்றுச்சுவர். சுவரின்மேல் இரண்டு கம்பமும் குறுக்குக் கட்டையும், கப்பி மாட்ட.

குறுக்குக் கட்டை வந்த பிறகுதான் அச்சுதராமன் கண்ணில் பட்டது.

“இது என்ன?”

உண்மையையே சொன்னேன். “பாவிங்க சார்.”

என்னை முறைத்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி பூதக்கண்ணாடியைத் தூக்கினார். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

“பாவி. ஆமாம், பாவிதான். கறுப்பு அங்கியைப் போர்த்திக்கொண்டு கோயில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். தோளில் சிலுவை. எவ்வளவு நாளாக இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.” எல்லப்பன் பக்கம் திரும்பினார். “முந்தைய பிரதியில் பாவி உண்டா?”

“உண்டுங்க சார். கொஞ்சம் சின்னப் பாவி” என்றான் எல்லப்பன். கேட்டதற்குப் பதில் சொன்னான்.

முத்திரை விழுந்தது. கூரை ஓடுகள் குறைந்திருப்பதையும் அன்று பார்த்தார். அதற்கும் அவரே விளக்கம் சொல்லிவிட்டார்: “எண்ணூறு வருஷக் கோயில். நம்முடைய நிலையத்தில் பிரதிக்குப் பிரதி பழமை ஏறுகிறது. வேறெந்த நிலையத்திலும் இது சாத்தியமில்லை.”

அதற்குப் பிறகு நான் ஓடு ஓடாக எடுக்கவில்லை. வாரி எடுத்தேன்.

நூறாவது பிரதி முடிந்ததற்கு விழா வைத்தார்கள். வாரியத் தலைவர் நாராயணப்பன் வந்தார். கிருஷ்ணகிரிப் பக்கத்து மிராசுதார், வீட்டில் தெலுங்கு. சால்வையும் வெற்றிலையுமாக முன்வரிசையில் உட்கார்ந்தார். நூறாவது பிரதியைப் பூமாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். கோயிலுக்குக் கூரை அடியோடு இல்லை. கோபுரம் மூளி. வலப்புறத்தில், கப்பியும் கயிறுமாக, என் அப்பன் வெட்டிய கிணறு. அச்சுதராமன் பேச எழுந்தார்.

“இந்தப் படத்துக்கு உயிர் எது? கோயிலா? இல்லை. பாவி. பாவி இல்லாவிட்டால் கோயிலுக்கு என்ன வேலை? நான் இங்கே வந்தபோது பாவியே கிடையாது. ஒவ்வொரு பிரதியாக நான்தான் பாவியை வளர்த்தேன். இந்த நிலையத்தின் பாவி என்றால் அதற்கு முழுப் பொறுப்பும் நானே.”

எல்லப்பன் வாயில் துண்டை வைத்துக்கொண்டான். தலைவர் நாராயணப்பன் படத்தின் பக்கத்தில் போய் நின்றார்.

“நல்ல பாவி” என்றார்.

“மனந்திரும்பிய பாவி” என்றார் அச்சுதராமன்.

தலைவருக்கு அது புரியவில்லை, ஆனாலும் விடவில்லை. “குடின்னு இருந்தா பக்கத்துல பாவி இருக்கணும். எங்க ஊர்லயும் அப்படித்தான். சரி, படத்துல பாவி இருக்குது, நிலத்துல எங்க? படத்துல இருக்கறது நிலத்துல இருக்கணும்னு தான நீங்க எழுதினது?”

அச்சுதராமனுக்கு வேர்த்தது. “தாங்கள் அனுமதித்தால் நாளையே ஒரு பாவியை நியமித்துவிடலாம். தற்காலிகப் பணியிடம்.”

“நியமிக்கறதா? வெட்டணும்யா.”

“வெட்டுவதா?”

“ஆழமா வெட்டணும். பாறை வந்தா வேட்டு வெக்கணும்.”

அச்சுதராமன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நான் முன்னால் வந்து கைகட்டி நின்றேன்.

“புதுசா வெட்ட வேணாங்க சாமி. வெட்டுன பாவி இருக்குதுங்க. மண்ணைத் தள்ளினாப் போதும். சித்திரையிலகூட வத்தாது.”

தலைவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். “தண்ணி இருக்கற பாவியை மூடினது யாரு?” என்று எல்லப்பனைக் கேட்டார்.

ஒன்றரை வருஷமாகக் காத்திருந்த கேள்வி. எல்லப்பன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

“சாருங்க. பாவின்னா கெணறுன்னு அவுருக்குத் தெரியாதுங்க. என்னை யாரும் கேக்கலைங்க.”

அச்சுதராமன் படத்தைப் பார்த்தார், கப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் நான் அத்தனை நாள் தூரிகை பிடித்தேன். நானும் கண்ணை எடுக்காமல் அவரைப் பார்த்தேன். தலைவர் அதோடு நிற்கவில்லை. அவருடைய கண் ஜன்னலுக்கு வெளியே பங்களாமேல் விழுந்தது.

“குடிக்குக் கூரை இருக்குதே. படத்துல இல்லையே.”

அச்சுதராமன் ஓடினார். இரும்பு பீரோவைத் திறந்து, பட்டுத்துணியை உருவி, மூலப்படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். கூரையோடு கோயில், முழுக் கோபுரம், கிணறு இல்லை. “இதோ கூரை, இதோ கூரை” என்றார்.

தலைவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஈ இருந்த இடத்தைக்கூடப் பார்த்தார்.

“இது சரின்னா அந்த நூறும் தப்பு. நூத்துலயும் உங்க முத்திரை. இது போக மிச்சமெல்லாம் ஆபீஸ்ல மாட்டியாச்சு. நூறு தடவை பொய் முத்திரை குத்தின ஆளை நான் உத்தியோகத்துல வெச்சிருக்க முடியாது. அந்த நூறு சரின்னா இது தப்பு. எதுன்னு நீங்களே சொல்லிடுங்க.”

அச்சுதராமன் மூலப்படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மூலத்தில் சில பிழைகள் உள்ளன” என்றார். “ஓவியர் அப்போது சிறுவயது. பயிற்சி போதாது.”

மறுநாள் காலையில் பங்களாவின் கூரையைப் பிரித்தார்கள். கோபுரத்தை மூளியாக்கினார்கள். அந்த வேலைக்கு ஆள் போதவில்லை என்றார்கள், நானே ஏறி ஓடு பிரித்துக் கொடுத்தேன். கட்டில் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அவர் வேறு வீட்டுக்குப் போகவும் வழியில்லை. கோயில் பிரதியைக் காலியாக விடக்கூடாது, தனி அதிகாரி அங்கேயேதான் தங்க வேண்டும் என்று அவரே முன்பு விதி எழுதியிருந்தார். ஓசூர் மழையில் அவர் குடை பிடித்துக்கொண்டு தூங்கினார் என்று எல்லப்பன் கேட்காமலே வந்து சொன்னான்.

அதே நாளில் என் கிணற்றின் கல் பலகைகளைப் புரட்டினார்கள். தண்ணீர் அப்படியே இருந்தது. கெம்பம்மா குனிந்து பார்த்தாள். அழுதாள். பிறகு பசுவின்மேல் இருந்த செங்காவியைக் கழுவினாள். அதை யாரும் தடுக்க வரவில்லை. படத்தில் மாடுகளையும் நான் பிரதிக்குப் பிரதி கொஞ்சமாக வெளுத்து, நூறாவதில் வெள்ளையாக்கிவிட்டிருந்தேன்.

நூறைத் தாண்டியும் பிரதி வேலை நடந்தது; அடுத்ததில் புல்லோடு புல்லாக ஒரு கொத்தமல்லிப் பாத்தி வரைந்தேன், நிலத்திலும் போட்டோம். வெயில் காலம் வந்தது. ஏரி வற்றியது. தண்ணீர் சுமக்கிற ஆட்கள் நின்றுவிட்டார்கள். ஒரு மத்தியானம் அச்சுதராமன் கையில் சொம்போடு கிணற்றடிக்கு வந்தார். முகமெல்லாம் வெயிலில் உரிந்திருந்தது. நான் கரையில் உட்கார்ந்திருந்தேன். கெம்பம்மா இறைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ஒரு சொம்பு தண்ணீர்.”

அவள் கயிற்றை நிறுத்தவில்லை. “பாவிகிட்ட ஆளு யாரும் படத்துல இல்லீங்களே சார். இல்லாதது நிலத்துல இருக்கக்கூடாதுன்னு சொன்னாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். “ஆஞ்சப்பா, அடுத்த பிரதியில் ஓர் ஆளை வரையலாமே” என்றார்.

“வரையலாங்க சார். நீங்க முத்திரை குத்தினாச் சரி.”

வரைந்தேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக எதையும் வரைந்ததில்லை. கிணற்றடியில் முட்டி போட்டுக் குனிந்த ஒரு மனிதன், வெள்ளை முழுக்கால் சட்டை, கழுத்தில் பூதக்கண்ணாடி, கையில் சொம்பு. அச்சுதராமன் நாக்கு உலர ஒரு தடவை பார்த்தார். முந்தைய பிரதியோடு ஒப்பிடவேயில்லை. முத்திரை குத்தினார். ஈரம் காயுமுன்பே படத்தை அவரே தூக்கிக்கொண்டு வெயிலில் கிணற்றடிக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

கெம்பம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கி நிதானமாகப் பார்த்தாள்.

“சரிதாங்க. ஆளு இருக்குது. சொம்பும் இருக்குது” என்றாள். “ஆனா சொம்பு காலியா இருக்குதுங்களே சார்.”

படத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, குடத்தை மேலே இழுத்து, தண்ணீரைக் கொத்தமல்லிப் பாத்தியில் ஊற்றினாள்.